நோட்டிலஸ் மன்னாருக்கு வந்தபோது

(மோர்னிங்சைட்டில் நிகழ்த்தப்பட்டு நேரலையில் ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வெளியே இப்படிப் பனி கொட்டுகிற சனிக்கிழமை காலையில், பஸ்ஸுக்குக் காத்து நின்று இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். நேரலையிலும் இணைந்திருக்கிறீர்கள். பாரிஸில் இப்போது பின்னேரம், யாழ்ப்பாணத்தில் இரவு ஒன்பது மணி. சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கதை கொஞ்சம் நீளம்.

இன்று நான் ஒரு போர்க்கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். போர்க்கப்பல் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு சொல் ஞாபகம் வரும்: எம்டன். கெட்டிக்காரனும் தந்திரக்காரனுமான ஒருவனைப் பார்த்து, ‘அவன் சரியான எம்டன்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அந்தக் கப்பலுக்குப் புகைபோக்கி மூன்று. ஆங்கிலேயக் கப்பல் என்று எண்ண வைப்பதற்காக நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு திரிந்தது. கப்பல் சில வாரங்களில் அழிந்துபோனது. சொல் இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது.

ஆனால் எம்டனுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே இன்னொரு கப்பல் நம் கடலுக்கு வந்தது. அது ஒரு கற்பனைக் கப்பல். பெயர் நோட்டிலஸ். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ன் எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் வருவது. 1869இலும் 1870இலும் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல். உங்களில் அநேகருக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கப்பல் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. இல்லை, எனக்குத் தெரியவே தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் வாசித்தது பிள்ளைகளுக்காகச் சுருக்கிய பதிப்பு. அதில் பெரிய கணவாய் இருந்தது, தென்துருவம் இருந்தது; மன்னார் இருக்கவில்லை. சுருக்கியவர் அதைத் தேவையில்லாத பகுதி என்று நினைத்திருக்கலாம். இரண்டு மாரிக்கு முன்னால் மகளுக்காக நூலகத்திலிருந்து முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வந்தேன். ஒரு இரவு அவள் அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். ‘அப்பா, இதில மன்னார் என்டு இருக்கு. இது அப்பம்மாவின்ர மன்னாரோ?’

அப்பம்மாவின் மன்னார்தான். என் அம்மா பேசாலைப் பக்கம் பிறந்தவர். அவருடைய அண்ணர், எங்களுக்குப் பெரிய மாமா, சங்கு குளிக்கப் போனவர். அன்றிரவு மகளிடமிருந்து புத்தகத்தை வாங்கி நான் விடிய விடிய வாசித்தேன். இன்றைய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கப்பலைப் பார்ப்போம். நீளம் 70 மீற்றர். அகலம் 8 மீற்றர். இரண்டு முனையும் கூர்ந்த சுருட்டு வடிவம். மூழ்கும்போது எடை ஏறத்தாழ 1500 தொன். ஓடுவது மின்சாரத்தில். அந்த மின்சாரத்துக்கு வேண்டிய சோடியத்தைக் கடல் உப்பிலிருந்தே எடுக்கிறார்கள். நாவல் வந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். எடிசனின் மின்குமிழ் வருவதற்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. அப்போது இருந்த நீர்மூழ்கிகளோ வேறு மாதிரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864ஆம் ஆண்டு, ஹன்லி என்ற நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது. நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. அந்த ஹன்லியை உள்ளே இருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் கையால் சுற்றி ஓட்டினார்கள். எட்டுப் பேரும் திரும்பி வரவில்லை. நோட்டிலஸ் என்ற பெயரும் வேர்ன் உண்டாக்கியதல்ல. 1800ஆம் ஆண்டு ரொபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் பிரான்சில் கட்டிய நீர்மூழ்கியின் பெயர் அது.

கப்பல் கட்டப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கப்டன் நெமோ ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு நாட்டில் செய்விக்கிறார். அடிமரம் பிரான்சில், இரும்புத் தகடுகள் லிவர்பூலில், சுழலி கிளாஸ்கோவில், இயந்திரம் பிரஷ்யாவில், முன்முனைக் கொம்பு சுவீடனில், கருவிகள் நியூயோர்க்கில். ஒவ்வொரு பட்டறைக்கும் வேறு வேறு பெயரில் வரைபடம் போகிறது. என்ன செய்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு எல்லாவற்றையும் ஆளில்லாத தீவொன்றில் பொருத்தி முடித்து, இருந்த அடையாளத்தையெல்லாம் எரித்துவிட்டுப் போகிறார். உறவுகளை ஆறு நாட்டில் சிதற விட்ட குடும்பங்களுக்கு இதில் சிரிக்கவும் ஏதோ இருக்கிறது, சிரிக்காமல் விடவும் ஏதோ இருக்கிறது.

இனி ஆயுதங்கள். மூன்று சொல்கிறேன்.

முதலாவது, அந்தக் கொம்பு. நோட்டிலஸில் பீரங்கி இல்லை, டோர்பீடோ இல்லை. கப்பலின் முனையில் உருக்குக் கொம்பு இருக்கிறது. முழு வேகத்தில் வந்து எதிரிக் கப்பலின் வயிற்றுக்குள் பாயும். கப்பலே குண்டு. இது முழுக் கற்பனையல்ல. 1866இல் லிஸ்ஸா கடற்போரில் ஒஸ்திரியக் கப்பல் ஒன்று இத்தாலியக் கப்பலை இப்படி இடித்தே மூழ்கடித்தது. அதற்குப் பிறகு எல்லாக் கடற்படைகளும் இடிகொம்பை விரும்பிய காலம் அது. நாவலின் தொடக்கத்தில் ஒரு பயணிகள் கப்பலின் இரும்புத் தகட்டில் அளந்து வெட்டியது போல முக்கோண ஓட்டை விழுந்திருக்கிறது. கடலில் பூதம் ஒன்று அலைகிறது என்று உலகம் அதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது, மின்சாரக் குண்டு. காற்றழுத்தத் துப்பாக்கி, அதற்குள் சின்னக் கண்ணாடிக் குமிழ்கள். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற லெய்டன் சாடி என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆய்வுகூடங்களில் இருந்தது. அதை விரல் நுனியளவுக்குக் குறுக்கி, உருக்கு உறை போட்டு, ஈயத்தால் பாரம் கொடுத்து வைத்திருக்கிறார் வேர்ன். உடம்பில் எங்கே பட்டாலும், லேசாகப் பட்டாலும், மிருகம் விழுந்து செத்துவிடும். குறி பார்க்கத் தேவையில்லாத ஆயுதம்.

மூன்றாவது, மின்சாரம் ஏற்றிய படிக்கட்டுக் கைப்பிடி. டொரஸ் நீரிணையில் கப்பல் பவளப் பாறையில் சிக்கி நிற்கிறது. பப்புவா மக்கள் ஓடங்களில் வந்து சூழ்கிறார்கள். நெமோ கதவைத் திறந்து வைத்துவிட்டு அமைதியாக இருக்கிறார். ஏறி உள்ளே வருகிறவர் கைப்பிடியில் கை வைத்ததும் அலறிக்கொண்டு ஓடுகிறார். அடுத்தவரும் அப்படியே. ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பாவப்பட்ட மனிதர்கள், தான் வந்ததால் அங்கே ஓர் உயிரும் போகக் கூடாது என்று நெமோ முன்பே சொல்லிவிடுகிறார். நல்ல மனம்தான். ஆனால் அந்த இடத்தில் நாவல் அந்த மக்களைப் பற்றிப் பேசுகிற விதம் நமக்கு முள்ளாகக் குத்தும். அவர்கள் நின்ற இடத்தில்தான் ஒரு காலத்தில் நம் ஆட்களும் நின்றார்கள்.

சரி, இந்த மூன்று ஆயுதத்தோடும் கப்பல் இந்து சமுத்திரத்துக்குள் வருகிறது. இலங்கையை அடைகிறது. முத்துச் சிலாபம் பார்க்கப் போகலாமா என்று நெமோ தன் ‘விருந்தாளிகளை’க் கேட்கிறார். விருந்தாளிகள் என்றால் உண்மையில் கைதிகள்: பிரெஞ்சுப் பேராசிரியர் அறோனக்ஸ், அவருடைய வேலையாள் கொன்செய், திமிங்கில வேட்டைக்காரர் நெட் லாண்ட். நெட் லாண்ட் எந்த ஊர்? கியூபெக். ஆம், கனேடியர். கதை நடக்கும்போது கனடா என்ற கூட்டாட்சிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. இதை இங்கே மோர்னிங்சைட்டில் இருந்து சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஏன் என்று கொஞ்சத்தில் தெரியும்.

சிலாபம் தொடங்கவில்லை. மார்ச்சில்தான் தொடங்கும், அப்போது முந்நூறு வள்ளங்கள் வந்து கூடும் என்று நெமோ விளக்குகிறார். வேர்ன் ஒருநாளும் இலங்கைக்கு வந்தவரல்ல. புத்தகங்களில் படித்து எழுதினார். ஆனால் அடிப்படையைச் சரியாகப் பிடித்திருக்கிறார். விடியுமுன் சிறு படகில் போய், செப்புத் தலைக்கவசமும் ரப்பர் உடுப்பும் போட்டு, கடலடியில் இறங்கப் போகிறார்கள். அப்போது பேராசிரியர் கேட்கிறார், நம்முடைய துப்பாக்கிகள் எங்கே என்று. அந்த மின்சாரத் துப்பாக்கிகளைத்தான் கேட்கிறார். துப்பாக்கி எதற்கு, மலைவாசிகள் கரடியைக் கத்தியால் எதிர்கொள்ளவில்லையா என்று நெமோ சொல்லி, ஆளுக்கொரு கத்தியைக் கொடுக்கிறார். நெட் லாண்ட் மட்டும் தன்னுடைய எறியீட்டியையும் எடுத்து வைத்திருக்கிறார். தொழில் செய்கிறவன் தன் ஆயுதத்தை விட்டுவிட்டுப் போவதில்லை.

திரும்பி வரும் வழியில் தலைக்கு மேலே ஒரு வள்ளத்தின் அடி தெரிகிறது. ஒரு மனிதன் கீழே இறங்குகிறான். கால்களுக்கிடையில் ஒரு கல்; கல்லிலிருந்து வள்ளத்துக்குக் கயிறு. ஐந்து மீற்றர் ஆழம். முழங்காலில் நின்று, கைக்கு எட்டிய சிப்பிகளைப் பிடுங்கிப் பைக்குள் போடுகிறான். மேலே போகிறான். மறுபடி வருகிறான். ஒரு முக்குளிப்பு அரை நிமிடம். ஒவ்வொரு முறையும் கிடைப்பது பத்துச் சிப்பி போல. அதில் எத்தனையில் முத்து இருக்கும்? சிலாபம் தொடங்குமுன் தனியாக, கிடைத்ததைப் பொறுக்க வந்த ஏழை மனிதன் அவன். பாறை நிழலில் நாலு பேர் நின்று தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரியாது.

அவன் தமிழன் என்று நாவல் சொல்லவில்லை. இந்தியன் என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்தக் கடலில் யார் குளித்தார்கள் என்று நமக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், நம் பக்கத்துக் கரையோர மக்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக்காரர். சிலாபத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி என்று அந்தக் கரையின் ஊர்ப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன. இந்தத் தொழில் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. கொற்கை முத்தைப் பற்றி நமக்குப் பெருமை அதிகம். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கிரேக்க வழிகாட்டி நூலான ‘பெரிப்ளஸ்’, பாண்டிய நாட்டு முத்துக் கடலில் தண்டனை பெற்ற கைதிகள் குளித்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறது. முத்தின் பெயர் ரோமாபுரி வரை போனது. குளித்தவனின் பெயர் கரையைக்கூடத் தாண்டவில்லை.

கதைக்கு வருகிறேன். ஒரு நிழல் விழுகிறது. பெரிய சுறா. அந்த மனிதன் வாயிலிருந்து தப்பிவிடுகிறான். ஆனால் வால் அவனுடைய நெஞ்சில் அடிக்க, நிலத்தில் விழுகிறான். சுறா திரும்பி வருகிறது. பாறைக்குப் பின்னாலிருந்து நெமோ எழும்புகிறார். கையில் கத்தி. நேராகச் சுறாவை நோக்கி நடக்கிறார். சண்டை நடக்கிறது, தண்ணீர் சிவக்கிறது, ஒரு கட்டத்தில் நெமோ விழுந்து சுறாவுக்குக் கீழே அகப்படுகிறார். அந்த நேரத்தில் ஓர் எறியீட்டி வந்து சுறாவின் இதயத்தில் இறங்குகிறது. எறிந்தவர் கனேடியர்.

இதுதான் என் சந்தோஷம். மன்னார்க் கடலில் முத்துக் குளித்த ஒருவனைக் காப்பாற்ற ஓர் இந்திய இளவரசன் போகிறான். அந்த இளவரசனை ஒரு கியூபெக்காரன் காப்பாற்றுகிறான். 1870இல் எழுதி முடித்த கதை. ஸ்காபரோவில் ஒருவரும் இதை எனக்கு முன்பே சொல்லவில்லையே!

ஆனால் நான் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். உலகத்தில் இல்லாத ஆயுதங்களை வைத்திருக்கிற மனிதன் அவன். அந்த மின்சாரத் துப்பாக்கி கையில் இருந்திருந்தால் சுறா ஒரு நொடியில் செத்திருக்கும். வேர்னுக்குச் சுவையான சண்டை ஒன்று தேவைப்பட்டது, அதனால் துப்பாக்கியை ஒளித்துவிட்டார் என்று நீங்கள் சொல்லலாம். அது சரிதான். ஆனால் நாவலில் இது ஒரு தடவை மட்டும் நடக்கவில்லை. பின்னால் பெரிய கணவாய்கள் கப்பலைப் பிடிக்கும்போது மின்சாரக் குண்டுகள் வேலை செய்யவில்லை. கணவாயின் சதை மெத்தென்று இருப்பதால் குண்டு வெடிப்பதற்கு எதிர்ப்புக் கிடைக்கவில்லை. கோடரியை எடுக்க வேண்டி வருகிறது. அப்போது கணவாயின் வாயில் அகப்படப்போன நெட் லாண்டை நெமோ கோடரியால் காப்பாற்றுகிறார். மன்னாரில் பட்ட கடனைத் தீர்க்கிறார். இந்த நாவலில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைச் சாவிலிருந்து இழுத்தெடுக்கும் இந்த இரண்டு இடத்திலும் கையில் இருப்பது கத்தி, எறியீட்டி, கோடரி. கடற்கரையில் எந்தக் குடிசையிலும் இருக்கக்கூடிய பொருட்கள்.

அந்தக் கணவாய்ச் சண்டையில் இன்னொன்றும் நடக்கிறது. நோட்டிலஸ் மாலுமிகள் பல நாட்டுக்காரர். தங்களுக்குள் பேச ஒரு புது மொழியை உண்டாக்கியிருக்கிறார்கள். வெளியாருக்கு ஒரு சொல்லும் விளங்காது. கணவாயின் கை ஒரு மாலுமியைச் சுற்றித் தூக்கும்போது அவன் உதவி கேட்டுக் கத்துகிறான். எந்த மொழியில்? பிரெஞ்சில். கப்பலின் மொழி மறந்து, அம்மாவின் மொழி வருகிறது. அவனைக் காப்பாற்ற முடியவில்லை. நம் முதியோர் இல்லங்களுக்கு எப்போதாவது போய் வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்தவர்கள் கடைசியில் தாதியிடம் தமிழில் தண்ணீர் கேட்கிறார்கள்.

மன்னாருக்குத் திரும்புவோம். காப்பாற்றியவனைப் படகில் ஏற்றித் தேய்த்துத் தெளிய வைக்கிறார்கள். அவன் கண் திறக்கிறான். என்ன பார்க்கிறான்? தன் மேல் குனிந்திருக்கும் நாலு பெரிய செப்புத் தலைகளை. மனித முகம் இல்லை. நெமோ ஒரு பை நிறைய முத்து எடுத்து அவன் கையில் வைக்கிறார். அவன் நடுங்கிக்கொண்டு வாங்குகிறான். அவர்கள் கடலுக்குள் இறங்கிப் போய்விடுகிறார்கள். பிறகு பேராசிரியர் கேட்கிறார்: மனித குலத்தையே வெறுத்து விலகிய நீங்கள் ஏன் அவனுக்காக உயிரைக் கொடுக்கப் போனீர்கள்? நெமோ, கொஞ்சம் குரல் தழும்ப, அவன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், நானும் கடைசி மூச்சு வரை அந்த நாட்டவன்தான் என்ற பொருளில் பதில் சொல்கிறார்.

நெமோ என்றால் லத்தீனில் ‘ஒருவருமில்லை’ என்று அர்த்தம். நாவல் முழுக்க அவன் யார், எந்த நாடு என்று தெரியாது. வேர்ன் முதலில் அவரைப் போலந்துக்காரராக நினைத்தார். 1863இல் ரஷ்யாவுக்கு எதிராக எழுந்து அடக்கப்பட்ட போலந்து. ரஷ்யாவில் புத்தகம் விற்கவேண்டும் என்ற கவலையும் இருந்த பதிப்பாளர் ஹெட்செல் அதற்கு இணங்கவில்லை. அதனால் நாடு அழிக்கப்பட்டது. பின்னால் ‘மர்மத் தீவு’ நாவலில் அவர் புந்தேல்கண்ட் அரசரின் மகன் தக்கார், திப்பு சுல்தானின் மருமகன், 1857 எழுச்சியில் போராடிக் குடும்பத்தையே இழந்தவர் என்று வேர்ன் சொன்னார். திப்பு 1799இலேயே இறந்துவிட்டார், வயதுக் கணக்கு இடிக்கும், அதை விடுவோம். நாடு அழிக்கப்பட்டதால் ஒரு பயன் வந்தது. அடிபட்ட எந்த இனமும் அந்தக் கப்பலுக்குள் தன்னை ஏற்றிப் பார்க்கலாம். நானும் ஏறிப் பார்த்தவன்தான். பதினைந்து வயதில், வானத்திலிருந்து சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்குள் ஓடிய காலத்தில், யாராலும் தொட முடியாத ஒரு கப்பலைப் பற்றி வாசிக்கும்போது ஏறாமல் இருக்க முடியுமா?

ஆனால் நாவலின் கடைசிப் பகுதியை இந்த வயதில் வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கொடியில்லாத ஒரு போர்க்கப்பல் நோட்டிலஸைத் தாக்குகிறது. எந்த நாட்டுக் கப்பல் என்று நெமோவுக்குத் தெரியும், நமக்குச் சொல்லப்படவில்லை. நெமோ கொம்பைத் திருப்புகிறார். துணியில் ஊசி போவதுபோல அது கப்பலுக்குள் போகிறது. பேராசிரியர் கண்ணாடி ஜன்னலால் பார்க்கிறார். கப்பல் தாழ்கிறது, மாலுமிகள் பாய்மரங்களில் ஏறுகிறார்கள், தொங்குகிறார்கள், தண்ணீருக்குள் துடிக்கிறார்கள். நெமோவும் முழுதாகப் பார்க்கிறார். முடிந்ததும் தன் அறைக்குப் போகிறார். சுவரில் ஒரு படம்: ஓர் இளம் பெண், இரண்டு பிள்ளைகள். அதற்கு முன்னால் முழங்காலில் விழுந்து விம்முகிறார்.

அந்தப் படத்தை நாம் அறிவோம். நம் வீடுகளிலும் அப்படிப் படங்கள் இருக்கின்றன. பாய்மரத்தில் தொங்கியவர்களையும் நாம் அறிவோம். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு சுவரில் படம் இருக்கிறது. வேர்ன் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் விட்டார். நம் கடலிலும் பிற்காலத்தில் வேறு கப்பல்கள் ஓடின, வேறு ஆயுதங்கள் பரிசோதிக்கப்பட்டன. அந்தக் கணக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. அதைத் தீர்த்து வைக்க நான் இங்கே வரவில்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை.

‘மர்மத் தீவு’ நாவலில்தான் தீர்ப்பு வருகிறது. வயோதிபரான நெமோ, கடலடிக் குகையில் சாகும் தறுவாயில், நான் செய்தது சரியா பிழையா என்று கேட்கிறார். ஓர் அமெரிக்கப் பொறியியலாளர் தீர்ப்புச் சொல்கிறார்: போன காலத்தைத் திருப்பிக் கொண்டு வரலாம் என்று நினைத்ததும், தவிர்க்க முடியாத முன்னேற்றத்தை எதிர்த்ததும்தான் உங்கள் பிழை என்கிறார். இந்த இடத்தில் நான் வேர்னோடு சண்டை பிடிக்கிறேன். மன்னார்க் கரையில் முன்னேற்றம் எப்படி வந்தது? சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, மூன்றில் ஒன்று குளித்தவனுக்கு. முதல் பிரித்தானிய ஆளுநர் ஃபிரடெரிக் நோர்த் சிலாபத்தைப் பார்க்க அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடு இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1906இல் முழு முத்துப் பாரையும் இலண்டன் நிறுவனம் ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்குப் போனது. சில வருடத்தில் சிப்பியும் இல்லை, நிறுவனமும் இல்லை. இந்த முன்னேற்றத்தை எதிர்த்ததைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் நெமோவின் பிழை என்ன? எனக்கு அதைக் காட்டித் தந்தது என் அம்மா.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் சரியில்லை, புத்தகம் வாசிக்க ஏலாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மன்னார் அத்தியாயத்தைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். கல்லைக் கட்டி இறங்கியதைச் சொன்னதும், ‘ஓம், அண்ணரும் அப்பிடித்தான்’ என்றார். சுறா வந்தபோது கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளைப் பற்றித் தன் ஆச்சி சொன்னதைச் சொன்னார். முத்துப் பையைக் கொடுத்ததைச் சொன்னபோது சந்தோஷப்பட்டார். பிறகு கேட்டார்:

‘அந்தப் பொடியன்ர பேர் என்ன?’

பெயர் சொல்லப்படவில்லை அம்மா என்றேன்.

‘அவர் கேக்கேல்லையோ? எங்கட ஆள் எண்டு சொல்லுறார், பேரைக் கேக்கேல்லையோ?’

நான் புத்தகத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். நெமோ கேட்கவில்லை. கேட்க முடியாது, தலையில் செப்புக் கவசம். அதைக் கழற்றவில்லை. ஒரு சொல் பேசவில்லை. நானும் உன் நாட்டவன் என்று பேராசிரியரிடம் பிரெஞ்சில் சொன்னதை, சொல்லவேண்டியவனிடம் சொல்லவில்லை. கரைக்குப் போன அந்த மனிதன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான்? கடல் பூதம் ஒன்று காப்பாற்றி முத்துக் கொடுத்தது என்றுதான் சொல்லியிருப்பான். நோட்டிலஸ் செங்கடலை நோக்கிப் போய்விட்டது. நாவலின் கணக்குப்படி மார்ச்சில் முந்நூறு வள்ளமும் வழமைபோல வந்திருக்கும்.

அவனைக் காப்பாற்றிய கத்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த முத்துப் பையையும் குறைத்துச் சொல்லவில்லை. இங்கே இருக்கிற நாம் எல்லோரும் பை அனுப்புகிறவர்கள்தான். இரண்டு வேலை செய்து, மாரியில் இரவு வேலை முடித்து வந்து, ஊருக்கு அனுப்பிய காசில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை வீடு எழும்பியது என்று எனக்குத் தெரியும். ஆனால் நமக்கும் ஒரு கவசம் வளர்ந்திருக்கிறது. நாம் பட்ட காயம் நம்மைக் காப்பாற்றச் செய்து தந்த கவசம். நாட்டைப் பற்றி நாம் இங்கே நிறையப் பேசுகிறோம், பெரும்பாலும் நமக்குள். அங்கே இருக்கிறவர் நம்மைப் பார்க்கும்போது முகம் தெரிகிறதா, செப்புத் தலை தெரிகிறதா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

அன்று பின்னேரம் அம்மா என்னைக் கொண்டு பேசாலைக்குப் போன் எடுப்பித்தார். பெரிய மாமாவின் பேரன் ஒருவன் இப்போதும் கடலுக்குப் போகிறான். நான் வருடா வருடம் பொங்கலுக்குக் காசு அனுப்புகிற வீடு அது. இருபது வருடத்தில் அவனோடு நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவனுடைய பெயர் எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயர் தெரியாது. கேட்டேன். மூன்று பெயரும் சொன்னான். பிறகு, ‘அங்க குளிரோ சித்தப்பா?’ என்று கேட்டான். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். இந்த வருடம் காற்று எப்படி, மீன் எப்படி, யாருடைய வலை அறுந்தது என்று.

நோட்டிலஸைப் போல ஒரு கப்பல் நமக்குக் கிடைத்திருந்தால் என்று கனவு கண்ட பையனிடம் இன்று நான் போய்ச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தம்பி, அந்த மன்னார் அத்தியாயத்தைச் சுருக்காத புத்தகத்தில் வாசி.